பெயர் பொறித்த தகடு

தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நிமிர்ந்து நிற்கும் கற்கள் இல்லை. வெட்டிச் சீராக்கிய புல்வெளியில் வரிசை வரிசையாகத் தாழ்வான பீடங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் உலோகத் தகடு. அதில் படை எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது. பல தகடுகளின் அடியில், குடும்பத்தார் எழுதச் சொன்ன ஒரு வரியும் இருக்கும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து என்று எங்கெங்கோ பிறந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் போட்ட சயாம்–பர்மா மரண ரயில்பாதையில் போர்க் கைதிகளாகச் செத்த ஏறக்குறைய 7,000 பேர் அங்கே கிடக்கிறார்கள். அந்த வரிகளை எழுதச் சொன்ன தாய்மாரும் மனைவிமாரும் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அழுவதற்கு ஆளில்லாத ஒருவனை இனி யார் நினைப்பது, எதற்காக நினைப்பது?

நினைவு என்பது பாசத்தின் மறுபெயர் என்றால், அது ஒரு தலைமுறையோடு தீர்ந்துபோக வேண்டியதுதான். அந்தக் கைதிகள் அப்படி நினைக்கவில்லை. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடியும்வரை ஜப்பானியப் படை அவர்களை விரட்டியது. காலராவும் வயிற்றுக்கடுப்பும் பட்டினியும் 12,000க்கும் மேற்பட்ட கைதிகளைக் கொன்றன. நாளைக்குத் தாங்களே இருப்போமா என்று தெரியாத அந்த முகாம்களில், பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தே, செத்தவன் பெயரையும் புதைத்த இடத்தையும் சிலர் ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். அந்தக் காகிதங்களைத் தோழர்களின் குழிகளுக்குள்ளேயே ஒளித்தவர்களும் உண்டு. போர் முடிந்ததும், 1945-இல், காட்டுக்குள் போன தேடுதல் குழு 10,000க்கும் மேற்பட்ட குழிகளைக் கண்டுபிடித்தது இத்தகைய குறிப்புகளைக் கொண்டுதான். செத்தவனை முன்பின் அறியாதவன்கூட அவன் பெயரை எழுதினான். இன்ன ஆள் இருந்தான், இங்கே செத்தான் என்று சாட்சி சொல்ல உறவுக்காரனாக இருக்க வேண்டியதில்லை. நினைவின் அடிப்படை இந்தச் சாட்சிதான் என்பேன்.

இதை மறுப்பவர்கள் உண்டு. பேரரசுகளுக்காகச் சண்டை போட்டவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்பார்கள். நியாயமான கோபம் அது. ஆனால் ஒரு பையன் இருபது வயதில் செத்தான் என்று சொல்லும் தகடு எந்தப் பேரரசின் புகழையும் பாடவில்லை. போர் என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு பெயராகச் சொல்கிறது. உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்றால், அமெரிக்கர்கள் அப்படித்தான் செய்தார்கள். செத்த மண்ணிலேயே புதைப்பது என்பது முதல் உலகப் போரிலிருந்து பிரிட்டனின் முடிவு. தாய்மாருக்கு அது கொடுமைதான். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுத் தகடு கிடைத்ததும் அதே ஏற்பாட்டில்தான்.

எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருப்பது வேறொரு கேள்வி. அதே பாதையில், மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும், பர்மியரும், மலாய்க்காரரும், ஜாவானியரும் செத்தார்கள். அந்த எண்ணிக்கை 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. கைதிகளைப் போல எழுதி வைக்கும் படை அமைப்பு அவர்களுக்கு இல்லை. குழி எது, ஆள் யார் என்று கேட்டு வரும் அரசும் இல்லை. பெயர் போனதும் ஆள் போய் வெறும் மதிப்பீடு மட்டும் மிஞ்சியது. இதைக் காட்டி, அந்தத் தகடுகளே அநீதி என்று சிலர் சொல்லக்கூடும். அவை இருப்பதால்தானே இந்தப் பக்கத்து வெறுமை நம் கண்ணில் படுகிறது? செத்தவன் பெயரைக் கல்லில் எழுதி வைப்பது தமிழருக்குப் புதிதுமல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த, ஈராயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான நடுகல், ஆநிரைப் பூசலில் விழுந்த ஒருவனின் பெயரையும் ஊரையும் சொல்கிறது. 2023-இல் காஞ்சனபுரியின் பௌத்தக் கோயில் ஒன்றில், ரயில்பாதையில் மாண்ட தமிழர்களுக்கும் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சேர்த்து ஒரே கல்.