நெருப்பும் நகர எல்லையும்

சட்டம் ஊருக்கு ஊர் மாறுவதால் நீதி என்பதே மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடுதானா என்னும் வினாவை அரிஸ்டாட்டில் தமது நிக்கோமாகிய அறவியலின் ஐந்தாம் நூலில் ஆராய்கிறார். அங்கே எதிர்த்தரப்பினரின் சான்றாக வருவது நெருப்பு. நெருப்பு கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் ஒன்றுபோலவே சுடுகிறது, நீதியோ இடந்தோறும் வேறுபடுகிறது, ஆகவே இயற்கையில் வேர்கொண்ட நீதி என ஒன்றில்லை என்பது அவர்களது வாதம். அந்த நெருப்பை ஆளும் விதிகளே அண்டை நகரங்களுக்கிடையில் முரண்படும்போது இவ்வாதம் மேலும் கூர்மை பெறுகிறது.

கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவையும் மேற்குச் சாக்ரமெண்டோவையும் பிரிப்பது ஓர் ஆறே எனினும், இரண்டும் வெவ்வேறு காற்றுத்தர நிர்வாகங்களுக்கு உட்பட்டவை. குளிர்காலத்தில் அப்பள்ளத்தாக்கின் மீது வெப்பக்காற்று மூடிபோல் கவிந்து, கீழுள்ள குளிர்காற்றை மேலெழ விடாமல் தடுக்கும். அப்போது விறகுப்புகையின் நுண்துகள்கள், அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்ததுமான விட்டமுடையவையாய் நுரையீரலின் உள்ளறைகள் வரை புகக்கூடியவை, நிலத்தையொட்டியே தேங்கி நிற்கும். கிழக்குக் கரையில், 2007-இல் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட விதியானது, நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள்கள் 35 மைக்ரோகிராமைத் தாண்டும் எனக் கணிக்கப்படும் நாள்களில், வீட்டினுள் இருக்கும் கணப்பிலும் முற்றத்துத் தீக்குழியிலும் விறகு எரிப்பதைத் தடைசெய்து, மீறுவோருக்கு அபராதம் விதிக்கிறது. மேற்குக் கரையிலோ இன்றிரவு தீ மூட்ட வேண்டாம் என்னும் வேண்டுகோள் மட்டுமே விடுக்கப்படுகிறது.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வகுத்த பாகுபாடு பெரிதும் உதவுகிறது. மனிதச் சட்டம் இயற்கை அறத்திலிருந்து இரு வழிகளில் பிறக்கிறது என்றார் அவர்: ஒன்று, பொது நெறியிலிருந்து தருக்க முறையில் பெறப்படும் முடிவு, மற்றொன்று, நெறி திறந்து விட்டிருக்கும் இடத்தை ஆள்வோர் தமது தேர்வால் நிரப்பும் வரையறை. அயலார் மூச்சைக் கெடுக்கலாகாது என்பது முடிவு. எந்த மாதங்களில், எத்தனை மைக்ரோகிராமுக்கு மேல் என்பவை வரையறை. வரையறைகள் மாறுபடுவதால் நெறி பொய்யாகிவிடுவதில்லை. முகத்தல் அளவைகள் மொத்தச் சந்தையில் பெரிதாகவும் சில்லறைக் கடையில் சிறிதாகவும் இருந்ததை அரிஸ்டாட்டிலே எடுத்துக்காட்டினார். அதனால் அளந்து விற்பதே பொருளற்றது என்று எவரும் சொன்னதில்லை.

ஆயினும் வரையறுக்கும் உரிமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இவ்விளக்கம் தன்னளவில் காட்டுவதில்லை. ஒரு சமூகம் தன் பொது நன்மைக்காகச் செய்யும் தேர்வு அச்சமூகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்றால், அத்தேர்வின் பயனும் தீங்கும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். புகை அவ்வாறு அடங்குவதில்லை. மேற்கில் மூட்டிய தீயின் புகையைக் கிழக்கில் சுவாசிக்கும் ஆஸ்துமா நோயாளிக்கு மேற்கின் விதியை வகுத்ததில் எந்தப் பங்கும் இல்லை. அந்த அளவில் அவ்விதி உள்ளூர்த் தேர்வாக இல்லாமல் பிறர்மேல் சுமத்தப்பட்ட தீங்காக மாறிவிடுகிறது.

அச்சத்தால் விலகுவதினும் மனமுவந்து விலகுவதே உயர்ந்த அறம் என்பதால் வேண்டுகோளே மேலானது என்று சிலர் கூறக்கூடும். செய்பவனின் உள்ளத்தை மட்டும் நோக்கினால் இக்கூற்று மறுக்க முடியாதது. ஆனால் ஒருவர் அறத்தில் பழகித் தேறும் வரை மற்றொருவரின் நுரையீரல் காத்திருக்க வேண்டும் என்று கோருவதற்கு எந்த அறமும் இடந்தராது.

விறகைத் தவிர வேறு வெப்பம் இல்லாத வீடுகளுக்கும் பொருளாதார இடர்ப்பாட்டில் உள்ளோருக்கும் சாக்ரமெண்டோ விலக்களிக்கிறது. பொதுவாக எழுதப்பட்ட சட்டம் தனி நேர்வில் பிழைக்குமிடத்தில் அதைத் திருத்துவதை அரிஸ்டாட்டில் அதே நூலில் நேர்மைநயம் என்று விளக்குகிறார், இவ்விலக்கு அத்தகையது. காற்று கெட்ட நாள்களில் இந்த விலக்கோடு கூடிய ஒரே தடை இரு கரைகளுக்கும் பொருந்த வேண்டும். ஏனைய நாள்களில் அவரவர் விதி அவரவருக்கு இருக்கலாம்.