நாணயம் கைக்குள் இருக்கும்போது

பி.எட். மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் முறையை இருபத்தாறு ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடம் புள்ளியியலும் நிகழ்தகவும். திட்ட விலக்கத்தை எல்லோரும் பிழையில்லாமல் போட்டுக் காட்டுவார்கள். இது எதற்கு என்று கேட்டால்தான் வகுப்பு அடங்கிப்போகும்.

ஆகவே முதல் நாளே நாணயம். பாதிப்பேர் நூறு தடவை சுண்டி எழுதவேண்டும். மீதிப்பேர் சுண்டாமலே, சுண்டியதுபோல எழுதவேண்டும். தாள்களைக் கலந்து கொடுத்தாலும் எது கற்பனை என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். உண்மையான நாணயம் ஐந்தாறு தடவை தொடர்ந்து தலையாகவே விழும். மனிதக் கை அதற்குத் துணியாது. மூன்று தலை வந்ததும் ஒரு பூவைப் போட்டுவிடும்.

ஓர் ஆண்டு ஒரு மாணவி எழுந்தார். "மேடம், எப்படி விழும்னு கடவுளுக்குத் தெரியும்தானே? அப்போ பாதிக்குப் பாதின்னு நாம சொல்றது பொய்யா?"

நான் தினமும் விளக்கேற்றுகிறவள். எனக்குப் பதில் வரவில்லை.

வழி கிடைத்தது மகலனோபிஸ் 1954-இல் எழுதிய கட்டுரையில். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-இல் தொடங்கியவர், தம் துறையின் அடித்தளத்தைத் தேடிச் சமணரின் சியாத்வாதத்துக்குப் போகிறார். 'ஒரு வகையில் உண்டு', 'ஒரு வகையில் இல்லை' என்று போகும் ஏழு கூற்றுகள். நான்காவது, சொல்லில் அடங்காதது. அவற்றை விளக்க அவர் எடுத்ததும் நாணயத்தைத்தான்! சமணர் அன்றே நிகழ்தகவைக் கண்டுவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். அவர்களிடம் அதற்கு எண் இல்லை. ஆனால் ஓர் ஒழுக்கம் இருந்தது. முற்றறிவு, அதை எய்தியவரான கேவலிக்கே உரியது. மற்றவர்கள் பேசும்போது தாம் நிற்கும் இடத்தையும் சேர்த்தே பேசவேண்டும்.

பாதிக்குப் பாதி என்பது கடவுள் அறிந்ததைப் பற்றிய பேச்சே இல்லை. இங்கே நிற்கிற நான் எவ்வளவு அறிவேன் என்பதன் அளவு. இதைத்தான் அந்த மாணவியிடம் சொன்னேன். அதன்பின் என் பயிற்சியும் மாறியது. பாடத்திட்டம் எழுதும் ஒவ்வொருவரும் தமக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை அதில் வைக்கவேண்டும் என்றேன். பலர் தவித்தார்கள். ஆசிரியர் என்றால் தெரிந்தவர் என்றே வளர்ந்தவர்கள் அவர்கள்.

கற்பித்தல் பயிற்சியின்போது எட்டாம் வகுப்பில் அந்த மாணவி நாணயத்தைச் சுண்டிக் கைக்குள் மூடினார். "மிஸ், தலையா பூவா?" என்றான் ஒரு பையன்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றார். மூடிய கையை உடனே திறக்கவில்லை. "தெரியாததை எவ்வளவு சரியாச் சொல்ல முடியும்னு பார்ப்போமா?"