அழிக்காத பட்டியல்

இணையப் பாதுகாப்பில் வேலை என்றால், இருட்டறையில் ஹக்கர்களைத் துரத்துகிறவன் என்று நினைக்கிறார்கள். நான் செய்வது அதைவிடச் சலிப்பான காரியம். ரொறன்ரோவின் வோபர்னில், மார்க்கம் வீதிக்குப் பக்கத்து அடுக்குமாடி வீடொன்றில், சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை விரித்துவைத்துக் கேள்வி கேட்பது. இந்தத் தரவை யார் யார் பார்க்கலாம்? அதற்கு ஆதாரம் எங்கே? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? முதல் இரண்டுக்கும் முனகிக்கொண்டாவது பதில் அனுப்புவார்கள். மூன்றாவதற்கு அநேகமாக மௌனம்தான்.

அந்த மௌனத்தின் விலையை இந்த ஊர் அறியும். 2024 டிசம்பரில் பவர்ஸ்கூல் என்ற பள்ளி மென்பொருள் நிறுவனத்துக்குள் திருடன் புகுந்தான். திருடிய ஒரு கடவுச்சொல் போதுமானதாக இருந்தது. அந்த வாசலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. எங்கள் படிவங்களில் ஆம், இல்லை என்று டிக் போடும் ஒற்றை வரி அது! ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச் சபையின் தரவும் போனது. எல்ஸ்மியர் வீதியிலுள்ள வோபர்ன் கொலிஜியேட்டும் அந்தச் சபையின் பள்ளிதான். பிறந்த தேதி, வீட்டு முகவரி, ஹெல்த் கார்டு எண் என்று போனவற்றில் 1985 செப்டம்பர் வரை பின்னோக்கிச் செல்லும் பதிவுகள் இருந்தன. நிறுவனம் கப்பம் கட்டியது. தரவை அழித்துவிட்டதாக ஒரு வீடியோ கிடைத்தது. திருடனின் வாக்குறுதிக்கு வீடியோ சாட்சி! 2025 மே மாதம் அதே தரவைக் காட்டிப் பள்ளிச் சபைக்கே மிரட்டல் வந்தது.

கடவுச்சொல்லைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு உறுத்தியது 1985. அந்த ஆண்டு பாலர் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. மதிப்பெண் சான்றை, மாணவர் விலகிய பின்னும் 55 ஆண்டுகள் வைத்திருக்க ஒன்ராறியோ விதி கேட்கிறது, சரி. அதற்காக ஹெல்த் கார்டு எண்ணையும் சேர்த்து இணையத்தோடு கோத்த கணினியில் வைத்திருக்க வேண்டுமா?

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்திறங்கிய நம்மவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்ததும் அந்த ஆண்டுகளில்தான். அவர்கள் தப்பி வந்ததே ஒரு பட்டியலிடமிருந்து. ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. பெயர்களை எழுதிய எழுத்தர் தேர்தலுக்காகத்தான் எழுதினார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. நெதர்லாந்தின் குடிப்பதிவேட்டில் மதத்தையும் எழுதிவைத்தவர்கள் நாஜிகளுக்காக எழுதவில்லை. ஆனால் அது அவர்கள் கையில் சிக்கியது. 1943 மார்ச்சில் எதிர்ப்பியக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீ வைத்தபோது ஏராளமான யூதர்களைக் காப்பாற்றும் காலம் கடந்துபோயிருந்தது.

பட்டியலைத் தொடங்கியவரின் நல்ல மனது அதனோடு கூடவே பயணிப்பதில்லை. அவர் ஓய்வு பெறுகிறார், பட்டியல் பெறுவதில்லை. எத்தனை நாள் கிடக்கிறதோ அத்தனை கைகள் அதைத் தொட வாய்ப்பு. எங்கள் எக்செல் தாளில் 'ரிஸ்க் ஏற்கப்பட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கையொப்பமிடும் மேலதிகாரியின் பெயர் தாளிலேயே இருக்கிறது. ரிஸ்க்கைச் சுமக்கப்போகிறவர்களை யாரும் கேட்பதில்லை. அப்படியொரு தாள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து வேலை செய்வதில் எனக்குள்ள நன்மை இதுதான்: பின்னேரம் மூன்றரைக்குப் புத்தகப் பையோடு அவர்கள் என் லிஃப்டில் ஏறுகிறார்கள். அதன் பிறகு ஒரு வரியை அசட்டையாக மூடிவிட மனம் வருவதில்லை.

அடுத்த முறை பள்ளியோ கிளினிக்கோ படிவம் நீட்டினால், எப்போது அழிப்பீர்கள் என்று கேளுங்கள். ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ நடத்துபவரானால், கணினியில் கிடக்கும் பழைய அங்கத்தவர் பட்டியலை இந்த வாரமே திறந்து பாருங்கள். தேவையில்லாததை அழித்துவிடுங்கள்.