சரம் பார்ப்பதா, மனம் பார்ப்பதா?

அய்யா வைகுண்டரின் அவதார தினமான மாசி 20 வருகிற காலத்தில்தான் நம் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பாடி தாங்கலுக்கு வரும் தாய்மார் சிலர் உச்சிப்படிப்பு முடிந்ததும் ஒரு சந்தேகம் கேட்கிறார்கள். கணக்குப் பரீட்சைக்குப் போகும்போது வலது நாசியில் மூச்சு ஓட வேண்டுமாமே, இடதில் ஓடினால் பிள்ளைக்குப் புத்தி வேலை செய்யாதாமே, உண்மையா என்கிறார்கள். மூச்சில் உள்ள உண்மை எது, நாமாக ஏற்றி வைத்த பயம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

முதலில் உண்மையைச் சொல்வோம். மூச்சு எந்நேரமும் இரண்டு நாசியிலும் சமமாக ஓடுவதில்லை. மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். இடது ஓட்டத்தை இடகலை, சந்திரன் என்றும், வலது ஓட்டத்தைப் பிங்கலை, சூரியன் என்றும், இரண்டும் ஒத்து ஓடுவதைச் சுழுமுனை என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். இந்த ஓட்டத்துக்குச் சரம் என்று பெயர். நாழிகைக்கு 360, நாளுக்கு 21,600 என்று மூச்சையே எண்ணி வைத்தவர்கள் சித்தர்கள். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் வாரசரம் என்று ஒரு பகுதியே உண்டு. திங்கள், புதன், வெள்ளி இடது. ஞாயிறு, செவ்வாய், சனி வலது. வியாழன் வளர்பிறையில் இடது, தேய்பிறையில் வலது என்று அதில் திருமூலர் வகுத்திருக்கிறார்.

மேல்நாட்டு மருத்துவமும் இந்த மாற்றத்தைக் கண்டிருக்கிறது. ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895இல் இதை எழுதி வைத்தார். மூக்கின் உட்சுவரில் மடிப்பு மடிப்பாகச் சதை இருக்கிறது. ஒரு பக்கத்துச் சதையில் ரத்தம் நிறைந்து வீங்கும்போது அந்த வழி குறுகுகிறது, மறுபக்கம் திறக்கிறது. நம் முயற்சி இல்லாமல் இதயத்தையும் குடலையும் நடத்துகிற அதே நரம்புகள்தான் இதையும் நடத்துகின்றன. பெரும்பாலும் 2 மணி முதல் 6 மணி நேரத்துக்குள் பக்கம் மாறும். ஆளுக்கு ஆள் இது வேறுபடும். சிலரிடம் ஒழுங்கான மாற்றமே தெரியாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலது நாசி திறக்கும். யோகிகள் அக்குளில் யோகதண்டத்தை ஊன்றி உட்கார்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆகவே சரம் என்பது கட்டுக்கதை அல்ல. ஆனால் வலதில் ஓடினால் கணக்கு வரும், இடதில் ஓடினால் பாட்டு வரும் என்பது வேறு பேச்சு. அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆண்களுக்கு ஒரு விதமாகவும் பெண்களுக்கு அதற்கு நேர்மாறாகவும் பலன் வந்தது. 1997இல் நம் நாட்டில் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. 10 முதல் 17 வயது வரை உள்ள 108 பள்ளிப் பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வலது நாசியால் மட்டும் மூச்சு விட்டது. இன்னொன்று இடது நாசியால். மூன்றாவது குழு மாற்றி மாற்றி விட்டது. நான்காவது குழுவோ நாசியைத் தொடவே இல்லை; மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனித்ததோடு சரி. 10 நாள் கழித்து நினைவாற்றலைச் சோதித்தார்கள். இடங்களையும் வடிவங்களையும் நினைவில் வைக்கும் திறன் நான்கு குழுவிலுமே கூடியிருந்தது. சராசரியாக 84 சதவீதம். பயிற்சி எதுவும் செய்யாத பிள்ளைகளிடம் மாற்றம் இல்லை. சொற்களை நினைவில் வைக்கும் திறன் எந்தக் குழுவிலும் அப்படிக் கூடவில்லை. இடது, வலது என்ற வேறுபாடும் தெரியவில்லை.

அன்பர்களே, அந்த நான்காவது குழுவை நினைத்துப் பாருங்கள். நாசியை அடைக்காத பிள்ளைக்கும் அதே பலன் கிடைத்திருக்கிறது. நான்கு குழுவுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: தினமும் ஒரு நேரம் ஓடித் திரியாமல் உட்கார்ந்து, மனத்தை மூச்சில் நிறுத்தியது. உதவியது நாசி அல்ல, நிதானம் என்றே எனக்குப் படுகிறது.

திருமூலர் சொன்னதை மறுக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மறுக்கவில்லை, அவர் வைத்த வரிசையைப் பார்க்கச் சொல்கிறேன். அதே மூன்றாம் தந்திரத்தில் முதலில் வருவது இயமம். கொல்லாமை, பொய் சொல்லாமை, களவு செய்யாமை எல்லாம் அதில் அடக்கம். அடுத்து நியமம், பிறகு ஆதனம், நான்காவதாகத்தான் பிராணாயாமம். வாரசரம் அதற்கும் வெகு தூரம் தள்ளி வருகிறது. நாமோ முதல் படிகளைத் தாண்டிக் குதித்து, இன்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பார்க்கிறோம். அப்போது அது யோகம் அல்ல, சகுனம். பூனை குறுக்கே போனதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சகுனத்தின் கெடுதல் இதுதான்: செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடக் காரணம் கொடுக்கும். தோற்றால் பழி போடவும் இடம் கொடுக்கும். கடை வாசலில் ஒருவர் பசியோடு நிற்கும்போது எந்தக் கலை ஓடுகிறது என்று பார்த்துவிட்டா சோறு போடுவோம்? கீழே கிடப்பவரைத் தூக்கி விடுவதே தர்மம் என்று அய்யா வழியில் படித்த நமக்கு, தர்மத்துக்கு நேரம் குறிக்க நாசி தேவையில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் புழுதியும் பாடி மேம்பாலத்து வண்டிப் புகையும் சுவாசிக்கிற ஊர் நம் ஊர். மூக்கடைப்பு உள்ளவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பிறவியிலேயே மூக்குத் தண்டு வளைந்து, ஒரு பக்கம் எப்போதும் குறைவாகவே ஓடுகிறவர்களும் உண்டு. நாசிதான் அறிவைத் தரும் என்றால் இவர்களுக்கு அறிவின் வாசல் பாதி அடைபட்டது என்று அர்த்தம் ஆகிவிடும். ஒரு பிள்ளையின் காதில் இதைச் சொல்லலாமா?

அய்யா அவதரித்த காலத்துத் திருவிதாங்கூரில், இத்தனை அடி தள்ளி நில் என்று மனிதரை அளந்து நிறுத்தினார்கள். ஒருவர் மேல் பட்ட காற்று இன்னொருவர் மேல் படக்கூடாது என்ற காலம் அது. அப்படி ஒதுக்கப்பட்டவர்களை எல்லாம் அழைத்து, தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார் அய்யா. முத்திரிக் கிணற்றில் எல்லாரையும் ஒன்றாகக் குளிக்கச் செய்தார். பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்றார். மூச்சின் பேரால் மனிதரைத் தள்ளி வைத்த வழக்கத்திலிருந்து மீண்டு வந்த மக்கள் நாம். நல்ல மூச்சு, கெட்ட மூச்சு என்று நம் பிள்ளைக்கு நாமே ஒரு தீட்டை உண்டாக்குவது அந்த வழிக்குப் பொருந்துமா?

அய்யா சுவாமிதோப்பில் 6 ஆண்டு தவம் இருந்தார். ஆனால் துவையல் தவசுக்கு மக்களை அனுப்பியபோது அவர்களுக்குச் சொன்னது குளிப்பு, துவைப்பு, அளவான உணவு, கூடி வழிபடுதல். யாரும் செய்யக்கூடியவை. நாம் தினமும் படிக்கிற உகப்படிப்பையே பாருங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது வெளிமூச்சு தானாக நீள்கிறது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. மூக்கடைத்தவரும் அடைக்காதவரும் ஒரே குரலில் படிக்கிறோம். நமக்குக் கிடைத்த மூச்சுப் பயிற்சி அதுவே.

ஆகவே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லுங்கள். அதிகாலை குளித்து, நாமம் இட்டு, பாயில் முதுகு நிமிர்ந்து 10 நிமிடம் உட்காரட்டும். மூச்சு எந்தப் பக்கம் ஓடினாலும் அதை அப்படியே கவனிக்கட்டும். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கடினமான பிராணாயாமம் செய்ய வேண்டாம். பிறகு புத்தகத்தை எடுக்கட்டும். படிக்காத பாடம் எந்த நாசி வழியாகவும் வராது.

பள்ளியறையில் அய்யா நமக்கு வைத்தது கண்ணாடி. அதன் முன் நின்று நாம் பார்ப்பது நம்மை. மூச்சையும் அப்படியே பாருங்கள். நேரம் நல்லதா என்று கேட்க வேண்டாம். மனம் நிதானமாக இருக்கிறதா, யார் மேலாவது கோபம் இருக்கிறதா, செய்ய வேண்டிய தர்மம் ஏதாவது பாக்கி நிற்கிறதா என்று கேளுங்கள். அதற்கு ஏற்ற சரம் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அய்யா உண்டு.