பிரஜா உரிமையும் ஜாதித் திமிரும்

தன்னை மனிதனென்று உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், தனக்குக் கீழே வேறொருவன் இருக்கின்றான் என்று காட்டியாக வேண்டுமா? இக்கேள்வி வேடிக்கைக்காகக் கேட்பதன்று. உரிமை நாடி நீதிமன்றப் படியேறிய ஒருவர் தரப்பில் இதற்கு ஆம் என்று விடை கூறப்பட்டதும், அவ்விடையால் அவர் பெற்ற பலனும் சரித்திரத்தில் பதிந்து கிடக்கின்றன. அதை முதலிற் சொல்லிவிட்டுப் பின்னர்ச் சிராங்கூன் சாலைக்கு வருவோம்.

பகத்சிங் திண்ட் என்பவர் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். 1913இல் அமெரிக்கா சென்று, மர ஆலைகளிற் கூலி வேலை செய்து, முதல் உலக யுத்தத்தின்போது அந்நாட்டுப் படையிலும் சேர்ந்தவர். அமெரிக்கச் சட்டமோ 1790 முதல் குடியேறியவர்களுள் வெள்ளையர்க்கே பிரஜா உரிமை என்றது. அடிமைத்தனம் ஒழிந்தபின் 1870இல் ஆப்பிரிக்க வமிசத்தாருக்கும் அதனை விரித்தது. ஆசியாக்காரர் இரண்டிலும் சேராதவர். திண்ட் என்ன வாதம் செய்தார்? இச்சட்டமே அநீதி என்றாரா? இல்லை. தாம் உயர்ந்த ஜாதியார், ஆரிய வமிசத்தார், ஆகவே தாமும் வெள்ளையரே என்றார். அதற்கு அத்தாட்சி வேண்டாவா? அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை மணவினையில் எவ்வாறு ஒதுக்குகின்றனரோ, அவ்வாறே இந்திய உயர்ஜாதியாரும் தங்கள் நாட்டு ஆதிக்குடிகளை ஒதுக்குகின்றனர் என்று அவர் தரப்பு எழுத்து வாதம் எடுத்துக் காட்டியது. நீங்கள் வெறுப்பது போலவே நாங்களும் வெறுக்கின்றோம், ஆதலால் நாம் உறவினர் என்பதே அவ்வாதத்தின் சாரம். ஜாதியை மறுத்து எழுந்த ஒரு மார்க்கத்திற் பிறந்தவருக்காக இவ்வாறு பேசப்பட்டதை என்னென்பது!

1923ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆரியர் என்றும் காக்கேசியர் என்றும் அறிஞர்கள் என்ன பெயர் இட்டாலும் இடட்டும். தெருவிற் போகும் சாமானிய அமெரிக்கன் உம்மை வெள்ளையரென்று கருதமாட்டான், ஆகவே நீர் வெள்ளையர் அல்லர் என்பதே தீர்ப்பின் கருத்து. திண்ட் தோற்றார். அவரோடு, முன்னர்ப் பிரஜா உரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் அதனை இழந்தனர். யுத்தத்திற் பணிபுரிந்தவர் என்ற முறையில் 1936இல்தான் அவருக்கு அவ்வுரிமை கிட்டியது. இந்தியர் எவரும் அமெரிக்கப் பிரஜையாகலாம் என்ற சட்டம் 1946இல் வந்தது; அதுவும் ஆண்டுக்கு 100 பேருக்கே குடியேற இடமளித்தது. இவற்றுள் எதுவும் ஜாதிப் பெருமையால் வந்ததன்று.

ஒரு சிறு விஷயம். அக்காலத்து அமெரிக்கர் இந்தியர் அனைவரையும், சீக்கியர், முஸ்லிம் என்ற பேதமின்றி, 'ஹிந்து' என்றே அழைத்தனராம். அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியரை இம்மலாய் நாட்டில் 'வங்காளி' என்று வழங்கியவர்கள் நாமேயல்லவா?

நிற்க. தமிழரும் இந்நகரத்திற்கு வெறுங்கையோடு வரவில்லை. ஜாதியையும் உடன் கொண்டே வந்தனர். 1825 முதல் இந்தியக் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டு, சாலைகள் இட்டனர். செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தையும் இன்று ஜனாதிபதி மாளிகையாக விளங்கும் இஸ்தானாவையும் கட்டிய கைகள் அவர்களுடையவை. பின்னர்க் கங்காணிகள் ஊர் ஊராக ஆள் திரட்டித் தோட்டங்களுக்கு அனுப்பினர். 1938இல் இந்திய அரசாங்கம் அவ்வழக்கத்திற்குத் தடை போட்டது. ஆனால் உழைத்தவன் என்பதற்காக எந்த நாடும் ஒருவனைத் தன் பிள்ளையென்று தானே அழைத்துக்கொள்வதில்லை. 1957இல் சிங்கப்பூரில் பிரஜா உரிமைச் சட்டம் வந்து, வெளிநாட்டிற் பிறந்து இங்கு 8 ஆண்டுகள் வாழ்ந்தவரும் பதிந்துகொள்ளலாம் என்றானபோது, கோ. சாரங்கபாணி தமிழர்களைப் பதிந்துகொள்ளுமாறு ஓயாது வற்புறுத்தினார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரும், 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கியவரும் அவரே. ஜாதியையும் மூடப்பழக்கத்தையும் எதிர்த்த அதே மனிதர்தாம் பிரஜா உரிமைக்கும் குரல் கொடுத்தார். இஃது ஒரு தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. நாட்டின் வாயிலில் நிற்கும்போது சமத்துவம் கேட்டுவிட்டு, வீட்டின் வாயிலில் அதை மறுப்பவனுடைய கோரிக்கைக்கு வேர் கிடையாது. திண்ட் தரப்பு சென்ற வழியும் சாரங்கபாணி சென்ற வழியும் நேர் எதிரானவை.

இன்றோ, தமிழ் இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. நம்மவர் மந்திரிகளாகவும் நீதிபதிகளாகவும் இருந்திருக்கின்றனர். ஜனாதிபதிப் பதவியிலும் தமிழர் அமர்ந்திருக்கின்றனர். பெருமைதான். எனினும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா பக்கம் செல்வோர் காதிற் சில சொற்கள் விழும். கட்டட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள், வாரத்தில் ஒரு நாள் நண்பரைக் காணவும், ஊருக்குப் பணம் அனுப்பவும் அங்குக் கூடுகின்றனர். அவர்களைக் கண்டு முகத்தைச் சுளிப்போருள் தமிழரும் உளர். 'ஊர்க்காரன்' என்ற அழகிய சொல் சிலர் வாயில் வசைச் சொல்லாகிவிட்டது!

2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் கீழ் அகப்பட்டு மாண்டார். அதையடுத்துக் கலகம் மூண்டது, வண்டிகள் எரிந்தன. காயமுற்றவருக்கு உரிய உதவி செய்யப்படவில்லை என்று கூட்டம் தவறாக எண்ணியதும், மதுவுமே பெருங்காரணங்கள் என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014இல் அறிவித்தது. கலகம் செய்தது குற்றமே. அதற்கு நாம் பரிந்து பேச வரவில்லை. ஆயின், மறுநாளே நம்மவர் சிலர், அவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று அயலாரிடம் சொல்லிக்கொள்ள அவசரப்பட்டனரே, அதைப்பற்றியே பேசுகின்றோம்.

அந்த அவசரத்திற்குக் காரணம் வன்னெஞ்சம் அன்று, அச்சம். இந்நாட்டுக் குடிகளில் இந்தியர் நூற்றுக்கு 9 பேரே. வீடு வாடகைக்கு விடுவோர் 'இந்தியர் வேண்டா' என்று விளம்பரத்தில் எழுதியதைப் பலரும் கண்டிருக்கின்றனர். இந்நிலையில் தன்னையும் புதிதாய் வந்தவனையும் ஒருவனாக எண்ணிவிடுவார்களோ என்று சிறுபான்மையான் அஞ்சுவது இயல்பு. அச்சம் இயல்பானது என்பதால் அதிலிருந்து பிறக்கும் வாதம் சரியாகிவிடுமா? அவ்விளம்பரம் எழுதுகின்ற வீட்டுக்காரர், ஒருவன் எத்தனை தலைமுறைச் சிங்கப்பூரன் என்று அடையாளச் சீட்டைப் பார்த்தா கதவைச் சாத்துகின்றார்? நிறத்தைப் பார்க்கின்றார், பெயரைக் கேட்கின்றார், முடிந்தது. திண்டுக்கு நேர்ந்ததும் அதுதான்.

இதற்கு ஒரு மறுப்புக் கூறலாம். வந்தவர் எல்லாரையும் பிரஜையாக்கிக்கொள்ள எந்த நாட்டாலும் ஆகுமா? ஆகாது. சிறு தீவாகிய சிங்கப்பூரால் ஆகவே ஆகாது. எத்தனை பேரை ஏற்பது, எத்தனை காலம் தங்கவிடுவது என்று வரையறுக்க அரசாங்கத்திற்கு அதிகாரம் உண்டு. வேலை அனுமதிச் சீட்டில் வந்த தொழிலாளி குடும்பத்தை அழைத்துவர இயலாது. இந்நாட்டவரை மணக்க வேண்டுமானாலும் அரசாங்கத்தின் சம்மதம் பெறவேண்டும். இவற்றுள் முன்னதற்கு நியாயம் கற்பிக்கலாம். பின்னது நம் மனத்திற்கு ஒப்பவில்லை. ஆனால் சட்டம் கோடு போடுவது வேறு, அந்தக் கோட்டை நெஞ்சிற் போட்டுக்கொள்வது வேறு. சரக்கு லாரியின் பின்புறத்தில் மனிதர் வேலைக்கு ஏற்றிச் செல்லப்படுவதை விதி அனுமதிக்கின்றது. அதைக் கண்டும் ஒன்றும் உறுத்தாதிருக்கும்படி எந்த விதியும் நமக்கு ஆணையிடவில்லை. 2020இல் கொரோனா நோய் தொழிலாளர் விடுதிகளிற் பரவியபோதுதான், 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவற்றில் எவ்வளவு நெருக்கமாய் வாழ்கின்றனர் என்று நகரத்தார் பலர் அறிந்தனர். நெடுங்காலம் பக்கத்திலேயே இருந்தும் அறியவில்லை!

தோட்டத்து வாசகர்கள், இது பட்டணத்தார் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஜோகூரில் தோட்டத்து ஆபீஸிற் கிராணி வேலை பார்க்கும் நமக்கு உள்நிலை தெரியும். முன்னாளில் துரை பங்களா மேட்டில் இருந்தது, கிராணி வீடு நடுவில், லயங்கள் பள்ளத்தில். நாலு எழுத்து ஆங்கிலம் படித்த கிராணிமார் லயத்து ஜனங்களோடு சமமாய்ப் பழகுவதை இழுக்கென்று எண்ணினர். இன்று செக்ரோலைப் புரட்டினால் முனியாண்டி, இலெட்சுமி என்ற பெயர்கள் அருகிவிட்டன. இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேபாளியர் பெயர்களே பக்கம் பக்கமாக வருகின்றன. சோம்பேறி, அழுக்கன், அடித்தால்தான் வேலை செய்வான் என்று முன்னாளில் துரைமார் கூலிகளைப்பற்றிப் பேசினர். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய்த்துறைத் தலைவராயிருந்த சையத் ஹுசைன் அலாதாஸ், சுதேசிகள் சோம்பேறிகள் என்பது குடியேற்ற ஆட்சியினர் தம் நன்மைக்காகக் கட்டிய கதையென்று 1977இல் ஒரு நூலே எழுதி நிலைநாட்டினார். அக்கதையின் சொற்களை இப்பொழுதும் எங்கள் ஆபீஸ் வாசலில் வாரத்துக்கு ஒருமுறையேனும் கேட்கின்றோம். சொல்லப்படுவது புதிதாய் வந்தவர்களைப்பற்றி. சொல்பவர் பெரும்பாலும் தமிழர்.