தனித்துப் பேச வேண்டியது எது?

சேகரத்தில் பிணக்கு எழுந்தால் முதலில் நினைவூட்டப்படுவது மத்தேயு 18ஆம் அதிகாரம்தான். குற்றம் செய்த சகோதரனிடம் தனியே போய்ப் பேச வேண்டும்; கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்; அப்போதும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். இருவருக்கிடையே விழுந்த மனத்தாங்கலுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. தவறியவரின் மானம் காக்கப்படுகிறது, புறம்பேச்சுக்கும் இடமில்லாமல் போகிறது. ஆனால் கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்பவரிடமும், வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டவரிடமும் இதே பகுதியை நீட்டி, ‘குருவானவரிடம் தனியாகப் பேசியிருக்கலாமே’ என்று வாயடைக்கிறார்கள். அதே அதிகாரத்தில் சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குவோருக்குக் கடுமையான எச்சரிக்கை வருகிறது. காணாமற்போன ஆட்டைத் தேடிப்போகும் மேய்ப்பன் வருகிறான். அதற்குப் பின்னரே தனியே பேசும் முறை சொல்லப்படுகிறது. அந்த வரிசையை மறந்துவிட்டு நடுவிலுள்ள மூன்று வசனங்களை மட்டும் உருவினால், எளியவரைக் காக்க வந்த சொல் பதவியில் இருப்பவருக்குக் கேடயமாகிவிடும்.

பொதுவான அநீதிக்கு வேதம் காட்டும் வழி வேறு. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபையின் அன்றாட விசாரணையில் கிரேக்கம் பேசும் யூதரின் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு கிளம்பியது. அப்போஸ்தலர் அந்த விதவைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. முறுமுறுத்தவர்களைக் கண்டிக்கவும் இல்லை. சபை முழுவதையும் கூட்டினார்கள், பந்தி விசாரணைக்கு ஏழுபேரைத் தெரிந்துகொள்ளும் உரிமையைச் சபையிடமே கொடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய ஏழும் கிரேக்கப் பெயர்கள். பெயரை வைத்து மட்டும் ஒருவர் எந்தப் பக்கம் என்று அறுதியிட முடியாதுதான். ஆயினும் குறைசொன்ன தரப்பின் கையிலேயே பந்தியை ஒப்படைத்தார்கள் என்று பலர் வாசிப்பது பொருத்தமாகவே படுகிறது. அங்கே புண்பட்ட மனதுக்கு ஆறுதல் சொன்னதோடு காரியம் முடியவில்லை. பங்கிடும் ஏற்பாடே மாறியது.

இப்படி எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தால் சபையின் சாட்சி கெடும், விசுவாசிகள் வழக்குக்குப் போவதைப் பவுல் 1 கொரிந்தியர் 6இல் கடிந்துகொண்டாரே என்பது வலுவான மறுப்பு. திருமண்டலத் தேர்தல் வழக்குகள் உயர் நீதிமன்றம்வரை நீண்டிருக்கும் தமிழ்நாட்டில் அந்த வேதனை நியாயமானதே. ஆனால் சகோதரருக்குள்ளே நியாயம் தீர்க்கத்தக்க விவேகி ஒருவர்கூட இல்லையா என்ற கேள்வியையும் பவுல் அங்கேதான் எழுப்புகிறார். நம்பத்தகுந்த விசாரணைக்கு உள்ளே வழிசெய்யாத கமிட்டி, வெளியே போனவரை மட்டும் குற்றப்படுத்த முடியாது. தம் உயிருக்கு ஆபத்து வந்தபோது பவுலே இராயனுக்கு அபயமிட்டார். குற்றச்செயல்களிலோ உள்விசாரணை போதவே போதாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது. அங்கே ‘முதலில் தனியே பேசுங்கள்’ என்பது அந்தக் குழந்தையைக் கைவிடுவதாகும்.

ஆளாளுக்குத் தன் சொந்தப் பகையைப் பொதுநியாயம் என்று கிளப்பமாட்டார்களா? கிளப்புவார்கள். அதற்காகத்தான் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற உபாகமத்தின் விதி மத்தேயுவிலும் 1 தீமோத்தேயுவிலும் திரும்ப வருகிறது. சாட்சியில்லாமல் மூப்பர்மேல் பழி ஏற்கக் கூடாது. பாவம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும். பழிக்கு ஆளானவரும் பழி சொல்பவரும் இதில் ஒருங்கே காக்கப்படுகிறார்கள். வெளிப்படையாகக் கண்டித்தால் உறவு அறுந்துபோகும் என்ற பயத்தையும் தள்ளிவிட முடியாது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகினார். அது பலர் முன்னிலையில் நடந்தது, மற்றவர்களையும் இழுத்துச் சென்றது. ஆகவே பவுலும் எல்லாருக்கும் முன்பாகவே அவரை எதிர்த்தார். அப்போது பேதுரு என்ன பதில் சொன்னார் என்று கலாத்தியர் நிருபம் கூறவில்லை. ஆனால் பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபம், தன் கடைசிப் பகுதியில் பவுலைப் பிரியமான சகோதரன் என்றே அழைக்கிறது.