நாடு தேறினால் யாருக்குக் கூடும்?

2024 டிசம்பரில் இலங்கை தன் வெளிநாட்டுப் பிணைமுறிகளைப் புதிய முறிகளாக மாற்றிக்கொண்டது. அந்தப் புதியவற்றில் ஒரு வகைக்கு விசேடமான நிபந்தனை இருக்கிறது. 2025 முதல் 2027 வரை நாட்டின் மொத்த உற்பத்தி கணித்ததைவிடக் கூடினால், முறி வைத்திருப்பவருக்குச் சேரவேண்டிய தொகையும் கூடும், குறைந்தால் குறையும். முதலில் 27 வீதத்தை விட்டுக்கொடுத்த கடன்காரர், நோயாளி எழுந்து நடந்தால் அதில் கொஞ்சத்தைத் திரும்பக் கேட்கிறார். கொடுக்கல் வாங்கலில் இது அநியாயமான பேச்சல்ல.

நோயாளியை எழுப்பியவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான் மனம் உறுத்துகிறது. டொலர் தீர்ந்து 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் பெரிய வழிகளில் மூன்று: தைத்த ஆடை, தேயிலை, வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவர்களும் நுவரெலியா, பதுளைச் சரிவுகளில் கொழுந்து எடுப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். மூன்றாவதில் ஆண்களின் பங்கு பெரிது. ஆனாலும் குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலை என்றால் அது பெண்கள்தான். 2024 இல் பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்தது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2019 இல் 11 வீதமளவில் இருந்த வறுமையோ, வளர்ச்சி வந்த அந்த ஆண்டிலும் சனத்தொகையில் கால்வாசியை ஒட்டியே நின்றது.

தோட்டத்துக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. மறு வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. தேயிலை டொலருக்கு விலைபோகும் சரக்கு. கொழும்பு ஏலத்தில் அதன் ரூபாய் விலை ஏறக்குறைய இரட்டித்தது. 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. கொழுந்து எடுத்தவரின் சம்பளம் அதே 1,000. 2024 இல் 1,700 என்று வந்த வர்த்தமானியைத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தில் எதிர்க்க, செப்டம்பரில் 1,350 என்று முடிந்தது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 1,750 என்ற பேச்சு வந்தது. அதிலும் 200 ரூபாய் வருகைக்காக அரசாங்கம் கொடுப்பது.

கம்பனிகள் சொல்வதில் எதுவுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 2021 இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்திய புத்திசாலித்தனத்தால் விளைச்சல் விழுந்தது. எரிபொருள் செலவு ஏறியது. அதேபோல் அரசின் பக்கமும் ஒரு வாதம் உண்டு: மின்கட்டணத்தை உயர்த்தாமல், வற் வரியை 18 வீதமாக்காமல் விட்டிருந்தால் பணவீக்கம் இன்னும் ஆடியிருக்கும், விலை ஏறினால் முதலில் சாகிறவன் அன்றாடங்காய்ச்சி. இது உண்மை. கசப்பு மருந்து தேவையில்லை என்று சொல்கிறவர் 2022 இன் எரிவாயு வரிசையை மறந்துவிட்டவர். கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. எல்லோரும் குடித்த பிறகு, குணமானதில் பங்கு யாருக்கு என்பது பற்றியது.

பிணைமுறி வாங்கியவர் அபாயம் தெரிந்து வாங்கினார். அமெரிக்க அரசுக்குக் கொடுத்தால் கிடைப்பதைவிட அதிக வட்டி இலங்கையில் கிடைத்தது, ஒருநாள் திருப்பித் தராமல் போகலாம் என்பதற்காகத்தான். அபாயத்துக்கு அவர் கூலி வாங்கிவிட்டார். கொழுந்து எடுப்பவரிடம் யாரும் அபாயத்துக்கு விலை பேசவில்லை. அவருடைய சேமலாப நிதியைக்கூடக் கேட்டுக்கொண்டு தொடவில்லை. 2023 இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகள் தப்பின. ஊழியர் சேமலாப நிதியோ குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணைக்கு மாறவேண்டியிருந்தது. மாறாவிட்டால் வரி 14 வீதத்திலிருந்து 30 வீதம். வங்கி சரிந்தால் வைப்பாளர்களும் சேர்ந்து விழுவார்கள் என்ற காரணம் பொய்யில்லை. ஆனாலும் தையல்காரப் பெண்ணும் தோட்டப் பெண்ணும் ஓய்வுக்காலத்துக்கென்று வைத்த பணம்தான் முதலில் கண்ணில் பட்டது.

இன்னொரு சம்பவம் இதைவிடச் சிக்கலானது. 2005 இல் வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போன மூதூர்ச் சிறுமி ரிசானா நபீக் 2013 ஜனவரியில் சிரச்சேதம் செய்யப்பட்டாள். அதன்பின் சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயது 25 ஆனது; 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போகமுடியாது என்றும், போகிறவர் குடும்ப விபரத்தைக் காட்டவேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்தது. தகப்பனிடம் யாரும் விபரம் கேட்கவில்லை. வளர்ந்த பெண்ணின் பயணத்தை மறிப்பது பாதுகாப்பா, பூட்டா என்ற வாதம் ஒன்பது வருடம் நடந்தது, கட்டுப்பாடு நீங்கவில்லை. 2022 ஜூனில் டொலர் இல்லாதபோது அமைச்சரவை எல்லா நாடுகளுக்கும் வயதை 21 ஆக்கியது. தடை குறைந்தது சரிதான். ஆனால் பூட்டைத் திறந்தது பெண்ணின் உரிமை அல்ல, திறைசேரியின் பசி. அந்த வீடுகளுக்குள் சம்பளத்துக்கும் உயிருக்கும் யார் பொறுப்பு என்ற பழைய கேள்வி, வயது குறைந்ததால் இன்னும் இளைய பெண்களின் தலையில் இறங்கியது.

நாடு தேறினால் கூலியும் கூடவேண்டும் என்று கேட்டால், சம்பளத்தை வளர்ச்சியோடு கட்டினால் வளர்ச்சி குறையும்போது அதுவும் குறையுமே என்ற பதில் வரக்கூடும். நியாயமான பயம், கடன்காரர் ஏற்றுக்கொண்டதும் அதைத்தான். ஒன்றோடு ஒன்றைக் கட்டுவது மலையகத்துக்குப் புதிதுமல்ல. உற்பத்தித்திறனுக்கு ஏற்ற சம்பளம் என்று பல வருடமாகப் பேசுவது கம்பனிகள்தான். மாலையில் கொழுந்தை நிறுக்கும்போது சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அரைச் சம்பளம். மழை பெய்ததா, செடி கிழடா, அட்டை கடித்ததா என்று தராசு கேட்பதில்லை. ஏலத்தில் விலை இரட்டித்த வருடத்தில் ஒன்றரைப் பேர் போட்டதாக எந்தத் தோட்டத்திலும் கதை இல்லை.